அம்மா நக்கலை விட்ட வருஷம்

போன மாதம் கரையான்சாவடியில் எங்கள் சபைப் பெண்கள் கூடுகை. பேச வந்தவர் சின்ன வயசு ஊழியக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவராம். மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். விசுவாசி நக்கல் பேசலாமா, கூடாதா. பேசலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். கொஞ்சம் பேர் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். கூடாது என்கிறவர்கள் தூக்குங்கள் என்றார். மீதிப் பேர் தூக்கினார்கள். நான் இரண்டுக்கும் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார்.

"இன்னா சிஸ்டர், தூங்கிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் அங்கே முடிகிற விஷயம் இல்லை.

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எஸ்டேட் ஃபேக்டரிச் சங்கு ஊதி எழுந்தவர்களுக்கு. மண்ணெண்ணெய் ஸ்டவ் அடைத்தால் பின்னூசி குத்தியவர்களுக்கு. நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்து இப்படித்தான் வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் லைன் வீடு. ஒரே ரூம். வாசலில் சிமெண்டுத் தொட்டி. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அம்மா வீட்டில். நான் ஒரே பிள்ளை. அப்போது ஆறாவது.

அப்பா மேல் எப்போதும் கட்டிங் ஆயில் வாசனை. குளித்தாலும் போகாது. தலையணையில்கூட இருக்கும். செருப்புக்கு அடியில் இரும்புச் சுருள் குத்திக்கொண்டு வரும். லேத்தில் இரும்பைச் சீவும்போது விழுகிற சுருள். நீலமும் ஊதாவுமாக மின்னும். நான் அதைப் பிடுங்கி ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். காற்றுக்கு ஆடும். மழை வந்தால் துருப்பிடித்து உதிரும்.

"உங்கப்பன் சம்பாதிச்ச நகை. கம்மி இல்லாம மாட்டு" என்று அம்மா சொல்லும்.

எங்களுடையது நகை போடாத சபை. அம்மா தோடு, மூக்குத்தி, தாலி எல்லாம் கழற்றிவிட்டது. குழாயடியில் புதுசாகக் குடி வந்தவள் ஒருத்தி கேட்டாள்.

"இன்னாக்கா, கழுத்து மொட்டையா கீது. ஊட்டுக்காரரு இல்லியா?"

"கீறாரு. கழுத்துல தொங்குனா வலிக்குதுன்னு கீழ எறக்கி உட்டுட்டேன்" என்றது அம்மா. முகத்தில் சிரிப்பு வராது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடும். பின்னால் குழாயடியே சிரிக்கும்.

எல்லோரிடமும் அப்படித்தான். அப்பா வேலை முடிந்து லேட்டாக வந்தால், "வாங்க கலெக்டரே, காரு எங்க, பஞ்சரா?" என்று கேட்கும். சபையில் ஒரு சிஸ்டர் சாட்சி சொன்னார். கூட்டமான பஸ்ஸில் கர்த்தர் எனக்கு சீட்டு கொடுத்தார் என்று. அம்மா என் காதருகே குனிந்து, "அப்ப நின்னுகினு வந்ததெல்லாம் யாரு பெத்த புள்ளைங்க?" என்றது. நான் சிரித்துவிட்டேன். தொடையில் கிள்ளியதும் அம்மாதான்.

அம்மாவுக்கு விசுவாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் முதலில் முழங்கால் போடுவது அம்மா. "ஆண்டவரே, இந்த மனுசனுக்கு புத்தி குடு. இல்லன்னா எனக்கு காது கேக்காம பண்ணிடு." இதுவும் ஜெபத்தில் வரும். கண்ணை மூடிக்கொண்டு அப்பா ஆமென் சொல்வார்.

அப்பாவுக்குச் சக்கரை வியாதி வந்ததை முதலில் கண்டுபிடித்தது எறும்பு. தொட்டிக்குப் பின்னால் அப்பா ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்தது. "எறும்புங்களுக்கு தெனம் பாயசம் ஊத்தற புண்ணியவான்" என்று அம்மா சொன்னது. அன்றைக்கே கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே மூத்திரத்தை நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. அப்பாவுடையது செங்கல் நிறம் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். தினம் காலையில் ஒன்று. விட்டால் கால் போகும், கண் போகும் என்றார்கள்.

சபையில் மருந்து கூடாது. யாரும் போலீஸ் மாதிரி வந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் மருந்து எடுத்தால் விசுவாசம் குறைவு என்று அர்த்தம். மருந்தை விட்டவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள்.

சபை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. தரையில் பாய். ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். எல்லோருக்கும் வெள்ளைத் துணி. வெயில் ஏறினால் கூரை டிக் டிக் என்று சத்தம் போடும். பாஸ்டர் ஐயா ஒல்லியான ஆள். அதட்டிப் பேச மாட்டார். யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் சைக்கிளில் வந்து நிற்பார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்தார். "மருந்தை விட்டுட்டேன். கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார். கொட்டகை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்த்து ஒரு கூட்டம் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. லேத் பட்டறையில் யார் அவரைப் பார்த்து சந்தோஷப்படுவார்கள்.

அந்த வாரம் அப்பா பானைத் தண்ணீரை எல்லாம் குடித்தார். படியில் தலை சுற்றி உட்கார்ந்தார். அம்மா மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சவில்லை. ஒரு நாள் காலையில் சக்கரை போடாத காப்பியைக் கொண்டு வந்து வைத்தது. கையை விரித்தது. உள்ளங்கையில் மாத்திரை.

"இந்தா, மிட்டாய்."

அப்பா பார்த்தார். "சக்கரைக்காரனுக்கு மிட்டாயா? கொல்லப் பாக்குறியாமே."

"உன்னைக் கொன்னுட்டு நான் இன்னா மகாராணி ஆவப் போறனா? உனக்குத்தான் கர்த்தர் சொகம் குடுத்துட்டாரே. சொகமான ஆளு ஒரு மிட்டாய் தின்னா இன்னா?"

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே வாயில் போட்டு காப்பியைக் குடித்தார்.

அதற்கு அப்புறம் தினமும் அப்படித்தான். அம்மா டிஸ்பென்சரிக்குப் போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வரும். காலியான பவுடர் டப்பாவில் போட்டு வைக்கும். ரோஜாப்பூ படம் போட்ட தகர டப்பா. மாத்திரையிலும் பவுடர் வாசனை. காலையில் ஒரு வார்த்தை மாறும், விஷயம் மாறாது. "ஐயாவுக்கு பொறந்த நாளு, மிட்டாய் எடுத்துக்கோ." "கலெக்டருக்கு மிட்டாய்." அப்பா ஒரு தடவையும் அதை மாத்திரை என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் மருந்தில்லாத மனிதராக உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போது அது குழப்பமாகவே இல்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு விளையாட்டு இருக்கும். எங்கள் வீட்டில் இது.

இப்போது புரிகிறது. மருந்தை எடுத்தால் அப்பா சபையில் தலை குனிய வேண்டும். எடுக்காவிட்டால் காலும் கண்ணும். நடுவில் ஒரு சந்து விட்டு வைத்திருந்தது அம்மா. அந்தச் சந்து வழியாகத்தான் அப்பா தினமும் போய் வந்தார்.

மாம்பழக் காலம் முடிந்த சமயம். பாஸ்டர் ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்தைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். படைத்தவருக்குத் தெரியாததா மாத்திரைக்குத் தெரியும் என்றார். வேதத்தைத் திறந்தார். சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி இல்லை. மேசையைத் தடவினார். இல்லை. ஒரு தம்பியை வீட்டுக்கு ஓடி எடுத்து வரச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். கூரை சத்தம் போட்டது.

அம்மா மெதுவாகத்தான் சொன்னது. யாரும் பேசாததால் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"ஐயா கண்ணுக்கு மட்டும் கர்த்தர் லீவு உட்டுட்டாரா?"

பொம்பளைகள் பக்கம் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஆம்பளைகள் பக்கம். அப்பா குனிந்து தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது. ஐயா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வாசித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி இல்லாமல் வந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் தழும்பு மட்டும் இருந்தது. கண் சின்னதாக, வேற ஆள் மாதிரி இருந்தார். வேதத்தை ஒரு பிரதரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

"போன வாரம் ஒரு சகோதரி மூலமா ஆண்டவர் என்கிட்ட பேசினார். எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்னு வெச்சிருந்தேன். கழட்டிட்டேன். அந்த சகோதரிக்காக ஸ்தோத்திரம்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. திரும்பி நடந்து ரயில்வே கேட்டுக்கு வந்தோம். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அப்போது சொன்னது.

"சிரிச்சுட்டு உட்டுடுவாருன்னுதானே சொன்னேன்."

மறுநாள் காலையில் அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஐயாவே கண்ணாடிய கழட்டிட்டாரு. நான் மிட்டாய் தின்னுகினு கீறேன்."

"அவரு கண்ணாடிய கழட்டினாரு. நீ எதக் கழட்டப் போற, பல்லையா? அதுவா உழும், அவசரப்படாத. தின்னு" என்றது அம்மா.

அப்பா சிரித்தார். போட்டுக்கொண்டார்.

ஒரு மத்தியானம் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார்கள். ஐயாவின் மனைவி. குண்டாக, நடக்கவே மூச்சு வாங்குகிறவர்கள். நான் ஜுரம் என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தேன். அம்மா தண்ணீர் கொடுத்தது. அவர்கள் குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

"நேத்து ரோட்டைத் தாண்டறப்போ லாரிகாரன் திட்டிட்டுப் போறான் சிஸ்டர். இவருக்கு எது லாரி எது மாடுன்னு தெரியல. மாட்டிக்கோங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. உங்க வாயில ஆண்டவர் பேசினாருன்னு சொல்றாரு."

"நான் சும்மா வெளையாட்டுக்கு..."

"தெரியும். எனக்கே சிரிப்பு வந்துச்சு." அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. இருந்திருந்தா இவ வயசுதான். காச்சல்ல போயிட்டா. ஊசி போடலாம்னாங்க. இவரு வேணாம்னாரு. ஜெபத்துலயே இருந்தோம். இன்னைக்கி மருந்து எடுக்கலாம், கண்ணாடி போடலாம்னு இவரு வாயால சொன்னா, அந்தப் புள்ளைய இவரே தூக்கிக் குடுத்த மாதிரி ஆயிடும்ல. அதை வெச்சுகினு இவரு எப்படி சிஸ்டர் இருப்பாரு?"

பாஸ்டரம்மா குடிக்காத சொம்பைக் கீழே வைத்தார்கள்.

"உங்களைக் கொறை சொல்ல வரல. இனிமே எதுவும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா இவரு செஞ்சுடறாரு. அடுத்து எதைக் கழட்டுவாருன்னு பயமா இருக்கு."

அவர்கள் போனதும் அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தது. ஸ்டவ் பற்ற வைக்கவில்லை. "செத்த புள்ளை மேலயா கல்லு உட்டேன்" என்று சொன்னது. என்னிடம் சொல்லவில்லை.

மாதத்தில் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முன்னால் ஒப்புரவு நேரம் என்று விடுவார்கள். யாருக்கு யார் மேல் மனத்தாங்கலோ எழுந்து போய், கையைப் பிடித்து மன்னிப்பு கேட்க வேண்டும். அப்புறம்தான் அப்பத்தில் கை வைக்கலாம். வழக்கமாக மாமியாரும் மருமகளும் கேட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அம்மா எழுந்தது. பொம்பளைகள் பக்கத்தைத் தாண்டி நேராக ஐயா முன்னால் போய் முழங்கால் போட்டது.

"நான் பரியாசக்காரி. இனிமே என் வாயில பரியாசம் வராது. யாருகிட்டயும். இது ஆண்டவருக்கு பொருத்தனை."

பொருத்தனை என்றால் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு. எடுத்தால் மீற முடியாது. நம்மில் அந்தப் பயம் தெரியாதவர்கள் யார். ஐயா அம்மாவின் தலை எங்கே என்று தடவிப் பார்த்துக் கை வைத்து ஜெபித்தார். அப்பா முகத்தில் அவ்வளவு பெருமை. அன்று ஆட்டுக்கறி வாங்கினார்.

கண்ணாடியை மறுபடி போடுங்கள் என்று அம்மா அப்போதே சொல்லியிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை. அழுகையும் ஸ்தோத்திரமுமாக இருந்தது.

மறுநாள் காலை. காப்பி. டம்ளர் பக்கத்தில் பவுடர் டப்பாவின் மூடி. மூடியில் மாத்திரை. அம்மா வைத்துவிட்டு நின்றது.

அப்பா பார்த்தார். அம்மா முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார்.

"இன்னாமே இது?"

அவர் பேச்சுக்கு அடி எடுத்துக் கொடுத்தார். எனக்கு இப்போதும் அந்தக் குரல் தெரியும். நீ சொல்லு, நான் தின்கிறேன் என்கிற குரல்.

அம்மா வாய் திறந்தது. மூடியது. அப்புறம் சொன்னது.

"மாத்திரை."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "மாத்திரையா? மாத்திரை வேணாம்" என்றார். மூடியைத் தள்ளி வைத்தார். காப்பியை மட்டும் குடித்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா தினமும் வைத்தது. அவர் தினமும் தள்ளினார். ஒரு நாள் அம்மா, "எனக்கு பயமா கீதுங்க. போட்டுக்கங்க" என்றது. நக்கலுக்குத் தவிர வாங்க போங்க என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. "இன்னாமே, புதுசா டிராமா?" என்று சிரித்தார். அம்மா நக்கல் பண்ணுகிறது என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா அதையும் சொல்லவில்லை.

நான் ஒரு தடவை முயற்சி செய்தேன். பவுடர் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினேன். "அப்பா, இந்தா மிட்டாய்."

அப்பா என் விரல்களை மடக்கி மூடினார். அடிக்கவில்லை.

"உங்கம்மா சொன்னா அது வெளையாட்டு. நீ சொன்னா பொய்யி. பொய் சொல்லக் கூடாது."

எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் லைன் எல்லாம் தண்ணீர். அப்பா காலில் இரும்புச் சுருள் ஏறிவிட்டது. பெருவிரலுக்கு அடியில். அவருக்குத் தெரியவே இல்லை. ரத்தம் பார்த்து நான்தான் சொன்னேன். பிடுங்கிப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஆறவில்லை. விரல் கறுத்தது. பாதம் வீங்கியது. கட்டிங் ஆயில் வாசனையை மீறி வேறு ஒரு நாற்றம் வந்தது. மழைக்கு ஜன்னலைத் திறக்க முடியாது. சோறு இறங்காது. அப்பா மட்டும் வலியில்லை, வலியில்லை என்றார். வலி இல்லாததை சுகம் என்று எடுத்துக்கொண்டார். சக்கரைக்காரன் காலில் வலி தெரியாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்.

ஐயா ஜெபிக்க வந்தார். பாஸ்டரம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஐயா பாயில் உட்கார்ந்து, கட்டை அவிழ்க்கச் சொன்னார். ஜெபித்த எண்ணெய் தொட்டு வைத்தார். முகத்தைக் காலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மழை மூடிய வெளிச்சம். கண்ணாடியும் இல்லை.

"ஆறிக்கிட்டு வருது பிரதர்" என்றார். "காஞ்சு கறுத்திருக்கு பாருங்க. புண்ணு ஆறும்போது அப்படித்தான்."

அப்பா ஸ்தோத்திரம் என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரோரம் நின்றது. உதடு அசைந்தது. பழைய அம்மாவாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு வார்த்தை வந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையில் எல்லோரும் சிரித்திருப்போம். சிரித்த பிறகு அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றியிருப்போம். அம்மா பாஸ்டரம்மாவைப் பார்த்தது. பாஸ்டரம்மா காலைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் பேசவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டதைத்தான் அம்மா செய்துகொண்டிருந்தது.

கடைசியில் பட்டறை சூப்பர்வைசர் வந்தார். வாசலில் நின்று மூக்கைப் பிடித்தார். யாரையும் கேட்கவில்லை. கம்பெனி வேனைக் கொண்டு வந்து, இரண்டு ஆளை விட்டு அப்பாவைத் தூக்கிப் போட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விஷம் அதற்கும் மேலே போய்விட்டது என்றார்கள்.

டாக்டர் அம்மாவைக் கேட்டார். "மாத்திரை ஏன் நிறுத்தினீங்க?"

"கேக்கல சார்."

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வார்டில் பினாயில் வாசனை. அப்பாவுக்கு ஜுரம். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் அங்கே பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கொஞ்சம் தெளிவு வந்தது. அம்மா கையைத் தேடிப் பிடித்தார்.

"எதுனா சொல்லேன்மே."

"ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றது அம்மா.

"அதான் நான் சொல்லிகினே கீறனே. நீ எதுனா சொல்லு. ஒத்தக் காலு ஆளைப் பாத்து சொல்றதுக்கு உனக்கு ஒண்ணும் வரலியா?"

சிரிக்கத்தான் பார்த்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டது. கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தது. நல்ல ஜெபம். ஒரு குத்தல் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெபம் முடிந்தபோது ஆமென் சொல்ல ஆள் இல்லை.

கல்லறையில் மண் இளகிக் கிடந்தது. ஐயா ஜெபம் முடித்துவிட்டுத் திரும்பியவர் மண் குவியலில் கால் வைத்துத் தடுமாறினார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தது.

"யாரு?"

"நான்தான் ஐயா. இப்டி வாங்க. பள்ளம் இந்தப் பக்கம்."

கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டது. ஐயா வழியெல்லாம் அழுதார். நல்ல போராட்டத்தைப் போராடிய பிரதர் என்றார். அம்மா, ஆமாங்க ஐயா என்றது.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. நான் ஏழாவதோடு நின்று எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு பட்டன் தைக்கப் போனேன். அங்கேயே கிழவியானேன். லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். ஐயா கடைசி வரைக்கும் கண்ணாடி போடவில்லை. சபையில் அம்மாவுக்கு நல்ல பெயர். சாந்தமான சகோதரி என்பார்கள். கல்யாணமான பெண்களுக்கு அம்மாவைக் காட்டிப் புத்தி சொல்வார்கள். எனக்கும் அந்த வாய் உண்டு. தையல் கூடத்தில் என் பேச்சுக்கு ஒரு கூட்டமே சிரிக்கும். வீட்டுப் படி ஏறினால் மூடிக்கொள்வேன். அம்மா முன்னால் ஒரு தடவையும் பேசியதில்லை.

கடைசி வருஷங்களில் அம்மா என்னோடு சென்னீர்குப்பம் ஃப்ளாட்டில் இருந்தது. ஒரு சாயந்திரம் இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கீழே ஹைவேயில் லாரி சத்தம். அப்பா பேச்சு வந்தது. எப்படி வந்தது என்று ஞாபகம் இல்லை. நான் கேட்டேன்.

"அன்னைக்கி காலையில மிட்டாய்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமேம்மா. அதுக்கா ஆண்டவர் கோச்சிக்குவாரு?"

அம்மா கீரைக்காம்பைக் கீழே போட்டது.

"அதையும் யோசிச்சேன். இதையும் யோசிச்சேன். மொத நாளே அழுது காலைப் புடிச்சி, செத்துடுவய்யா போடுய்யான்னு நேரா கேட்டிருந்தா மாத்திரைன்னே தின்னு பழகி இருப்பாரு. நான் வெளையாட்டாக்கிட்டேன். அவரும் வெளையாட்டுன்னே நெனச்சிட்டாரு. பேசினது தப்பா, நிறுத்தினது தப்பா? எதுன்னு தெரிஞ்சா அதுக்கு மன்னிப்பு கேட்டுடுவேன். தெனம் முட்டி போடறேன். எதுக்குன்னு கேக்கறது?"

கீழே விழுந்த காம்பை நான் பொறுக்கினேன். அம்மா மறுபடி கீரையை எடுத்தது. அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டது. அந்த மன்னிப்பைக் கேட்காமலேயே போனது.